பொம்மை என்றார் பெரியவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் நாவல்களை விடாமல் படிக்கிறவர். படித்துவிட்டு வீடு தேடி வந்து குறை சொல்கிறவர். அந்த உரிமையில் அவர் நேரே என் எழுத்து மேஜைக்கே வந்துவிட்டார்.

மேஜையில் எழுத்து இல்லை. சாம்பல் நிறத்தில் ரெசின் துண்டுகள் கிடந்தன. ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர், உப்புத்தாள் நாலைந்து ரகம், ஒரு சிறு அரம், தலைமுடியைவிடச் சற்றே தடித்த பித்தளைக் கம்பிச் சுருள் ஒன்று. நடுவில் ஒரு சாண் நீளத்தில் கூரை இல்லாத ஒரு டீசல் எஞ்சின்.

"பையனுக்கா?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் ஸார்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது என்று சொன்னீர்களே, எழுதி முடித்தாயிற்றா?" என்றார்.

"இன்னும் நிற்கிறது."

"நிற்காமல் என்ன செய்யும்? நீங்கள் பொம்மை செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்."

காப்பி குடித்தார். நாட்டு நடப்பைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். போய்விட்டார். ஆனால் 'பொம்மை' என்ற அந்தச் சொல் மட்டும் போகவில்லை. மரியாதைக்காக அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கங்களில் எனக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர் இதையும் படிப்பார் என்று எனக்குத் தெரியும்.

முதலில், மேஜைமேல் இருந்தது இன்னதென்று சொல்லிவிடுகிறேன். இந்திய ரயில்வேயில் டபிள்யூ.டி.எம்.2 என்று ஓர் எஞ்சின் வகை உண்டு. அகலப் பாதை, டீசல், பயணிகள் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் பொது, இரண்டாவது மாதிரி என்று அந்த எழுத்துக்களுக்குப் பொருள். 1962-இல் அமெரிக்காவிலிருந்து, ஆல்கோ என்ற கம்பெனியிடமிருந்து வந்தது. பிறகு அதே எஞ்சினை வாராணசியில் நாமே கட்டத் தொடங்கினோம். அங்கே முதல் எஞ்சினை 1964 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். பெற்ற தாயான ஆல்கோ 1969-இல் கடையை மூடிவிட்டது. வளர்த்த தாய் விடவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட எஞ்சின்கள் அந்தக் குடும்பத்தில் பிறந்தன. பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத் திறன். டீசல் நேராகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது ஜெனரேட்டரைச் சுற்றுகிறது, ஜெனரேட்டர் மின்சாரம் தருகிறது, அந்த மின்சாரம் ஆறு அச்சுகளிலும் உள்ள ஆறு மோட்டார்களை ஓட்டுகிறது. நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் எந்த ஊருக்கு ரயிலில் போயிருந்தாலும் பெரும்பாலும் இதன் பின்னால்தான் போயிருப்போம். பெயர் தெரிந்திருக்காது, புறப்படும்போது அது கக்கிய கரும்புகையும், நிலையத்தில் நிற்கும்போது பெருமூச்சு வாங்கியதும் நினைவிருக்கும்.

எஞ்சின் பதினேழு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். அதை எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறைத்தால் இருபது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பெரியவர் பார்த்தது அதைத்தான்.

இது கடையில் வாங்கி, சாவி கொடுத்து ஓடவிடுகிற சாமான் இல்லை. யாரோ ஒருவர் முதலில் ஒரு மூல உருவத்தைக் கையால் செய்கிறார். அதன்மேல் சிலிகான் ரப்பரை ஊற்றி அச்சு எடுக்கிறார். அச்சுக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் சில நிமிஷங்களில் இறுகி ரெசின் ஆகிறது. ஓர் அச்சில் சில டஜன் வார்ப்புகள் எடுப்பதற்குள் ரப்பர் கிழிந்துபோகும். சுவாமிமலையில் மெழுகுக்கு மேல் மண் பூசி ஐம்பொன் ஊற்றுகிற ஸ்தபதிக்கு இது தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். உறவு தூரம்தான், ஆனால் வார்ப்பில் காற்றுக் குமிழி விழுந்தால் இரண்டு பேருக்கும் ஒரே தலைவலி.

எனக்கு வந்த பெட்டியில் கூரை வளைந்திருந்தது. வெந்நீரில் போட்டு, கண்ணாடிப் பலகைமேல் வைத்து, கனமான அகராதி ஒன்றை அதன் தலையில் ஏற்றி நிமிர்த்தினேன். (அகராதிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு என்பதைத் தமிழ் எழுத்தாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.) அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை வார்ப்பின்மேல் இருக்கும், அதைச் சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் வர்ணம் நிற்காது. குமிழி விழுந்த குழிகளைப் பட்டி பார்த்து அடைக்க வேண்டும். தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இவ்வளவும் செய்தபிறகு எஞ்சின் உங்களைப் பார்த்து ஒரு சோப்புக்கட்டி மாதிரி இளிக்கும். வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் ஏறும் படியின் இரண்டு பக்கமும், எஞ்சினின் நடைபாதை நெடுகவும், மூக்கின்மேலும் கைப்பிடிக் கம்பிகள் உண்டு. அசல் கம்பி ஏறக்குறைய ஓர் அங்குலம் என்றால் என் மேஜையில் அது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை நுழைக்கத் துளை போட வேண்டும். அந்த அளவு டிரில் பிட் தும்மினால் முறியும். நான் எட்டு முறித்திருக்கிறேன். ஒவ்வொரு கம்பியையும் ஒரே அளவில் வளைக்க வேண்டும். ஒன்று கொஞ்சம் மாறினாலும் கண் அங்கேயே போய் நிற்கும். ஒரு மாலை முழுதும் வளைத்துப் பார்த்தேன். நாற்பது கம்பியும் நாற்பது விதம்.

இந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருவில் குடியிருக்கும் ஒரு தம்பி வந்தார். சிப்காட் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். மேஜைக்கு எதிரே நின்று நான் படும் பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்படிக் கண்ணால அளந்து வளைச்சா வராது அண்ணா. ஒரு ஜிக் போட்டுடலாம்" என்றார்.

மறுநாள் மாலை ஒரு பித்தளைத் தகடு கொண்டுவந்தார். அதில் நான்கு ஊசிகள், ஒரு பள்ளம், ஒரு தடுப்பு. கம்பியைப் பள்ளத்தில் வைத்து, ஊசியைச் சுற்றி மடக்கினால் கைப்பிடி தயார். ஒன்றுபோல ஒன்று. வெர்னியர் காலிப்பர் வைத்துக் காட்டினார். அந்தத் தகட்டின் விளிம்புகளைக்கூட அவர் அரத்தால் மழுக்கியிருந்தார். என் கை கீறக் கூடாது என்பதற்காக.

அந்தத் தகட்டை வைத்துக்கொண்டுதான் பெரியவரோடு நான் சண்டை போடப் போகிறேன்.

ஓசூர் என்றால் இன்று என்ன? ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னே மேட்டு நிலமும் ராகியும் குளிர் காற்றுமாக இருந்த ஊர். இன்று இங்கே லாரி செய்கிறார்கள், மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள், கைக்கடிகாரம் செய்கிறார்கள். பெரிய ஆலைகளைச் சுற்றிப் பட்டறைகள். அத்திப்பள்ளி எல்லை தாண்டிக் கர்நாடகத்திலும் அதே காட்சி. மில்லிமீட்டரை நூறாகப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு பிசகினால் தூக்கி எறிகிற கைகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் சாண் நீள எஞ்சினைச் செய்தால், 'பொம்மை' என்று சொல்ல எப்படி வாய் வருகிறது?

எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். இந்த ஊரில் கைகள் செய்வதெல்லாம் பாகம். முழுசாக ஒரு பொருளை யாரும் செய்வதில்லை. அந்தத் தம்பியைக் கேட்டேன். ஒன்பது வருஷமாக ஒரே புஷ்ஷைத்தான் பெரும்பாலும் செய்துகொண்டிருக்கிறாராம். அது எந்த வண்டியில், எந்த இடத்தில் உட்காருகிறது என்று அவருக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டாராம். "டிராயிங்ல இருக்கிறபடி பண்ணு, போதும்" என்றார்களாம். சொன்னவரைக் குறை கூறுவதற்கில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்பது வருஷம் ஒரு பொருளின் ஒரு மூட்டைச் செய்தவர், என் மேஜையின் முன்னால் உட்கார்ந்து, கூரை முதல் சக்கரம் வரை ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்கு, அது எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரவு பதினோரு மணிக்கு அவர் வீட்டிலிருந்து போன் வந்த பிறகுதான் எழுந்தார். இதற்குப் பெயர் விளையாட்டு என்றால், பட்டறையில் நடப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

மேல்நாட்டில் பெரிய மனிதர்களெல்லாம் மாதிரி ரயில் கட்டுகிறார்கள், ஆகவே இது கௌரவமான காரியம் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ராட் ஸ்டூவர்ட் என்ற பாடகர் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஒரு நகரத்தையே ரயிலோடு கட்டியிருக்கிறார். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இரட்டைச் சகோதரர்கள் 2001-இல் திறந்த மாதிரி ரயில் உலகத்துக்கு உலகமெங்கும் இருந்து ஜனங்கள் வருகிறார்கள். நம் நாட்டிலேயே புனேயில் ஜோஷி என்பவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த, செய்த சின்ன ரயில்களுக்கு 1998-இல் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது. எல்லாம் உண்மை. ஆனால் வெள்ளைக்காரன் செய்கிறான், வடக்கத்திக்காரன் செய்கிறான் என்று காட்டி நியாயம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. நம் ஊரிலேயே இதைவிடப் பெரிய சாட்சி நிற்கிறது.

மாமல்லபுரத்துக்குப் போயிருப்பீர்கள். ஐந்து ரதங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை கோயில்களா? ஏழாம் நூற்றாண்டில் அவற்றைச் செதுக்கியவர்கள் பாறையில் மர வேலையைச் செதுக்கினார்கள். கூரையின் வளைவு, உத்தரத்தின் முனை, சாளரத்தின் கூடு எல்லாம் மரத்தச்சனின் கணக்கு. அந்தக் காலத்து மரக் கோயில்கள் கரையானுக்கும் மழைக்கும் தீக்கும் போய்விட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை. அவை எப்படி இருந்திருக்கும் என்று இன்று ஆராய்ச்சிக்காரர்கள் இந்தக் கல் மாதிரிகளைப் பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள். அசல் போய்விட்டது, மாதிரி நிற்கிறது. அன்று பாறை முன் உளியோடு நின்றவனிடம் போய் ஒரு பெரிய மனிதர், "என்னப்பா, உள்ளே பூசை பண்ண முடியாத கோயில் எதற்கு? பொம்மையா?" என்று கேட்டிருக்க மாட்டாரா? நிச்சயம் கேட்டிருப்பார். அப்படிப்பட்டவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு.

சரி, கோயிலும் எஞ்சினும் ஒன்றா என்பீர்கள். என் மாவட்டத்துச் சங்கதி ஒன்றைச் சொல்கிறேன். 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் ஓடிற்று. இரண்டரை அடி அகலப் பாதை. பஞ்சக் காலத்தில் தானியம் போய்ச் சேர வேண்டும் என்று போட்ட பாதை. மறு வருஷம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒன்று. அது 1913-இல் ஓசூர் வரை வந்தது. நாற்பதுகளுக்குள் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். ஓசூருக்கு அறுபதுகளின் இறுதியில் மீட்டர் பாதையும், தொண்ணூறுகளில் அகலப் பாதையும் வந்து சேர்ந்தன. கிருஷ்ணகிரி இன்று மாவட்டத் தலைநகர். மாம்பழத்துக்குப் பேர் போன ஊர். ரயில் மட்டும் கிடையாது. அந்தச் சின்ன எஞ்சின் என்ன நிறம், எவ்வளவு உயரம், அதன் புகைபோக்கி எப்படி இருந்தது என்று நான் அங்கே விசாரித்திருக்கிறேன். நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரயில் வந்ததா என்றே இரண்டு பேர் திருப்பிக் கேட்டார்கள். முப்பது வருஷம் ஓடிய வண்டிக்கு இந்தக் கதி. அன்று ஒரு தச்சன், ஒரு கொல்லன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், யாராவது ஒருவர் அதைப் பார்த்து ஒரு சாண் நீளத்துக்கு மரத்தில் செதுக்கி வைத்திருந்தால் போதும். செய்யவில்லை. செய்ய நினைத்தவனை ஒருவேளை யாராவது 'பொம்மை' என்று சொல்லி உட்கார வைத்திருப்பார்கள்.

இப்போது டீசலுக்கு அந்த முறை வந்திருக்கிறது. ஓசூர் வழியாக மின்கம்பி போட்டாயிற்று. 2023 டிசம்பர் கடைசியில் தொடங்கிய கோயமுத்தூர் - பெங்களூர் வந்தே பாரத் ஓசூரைத் தாண்டிப் போகிறது. மலைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும்போது டீசல் எஞ்சின் முக்கி முனகுகிற அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வருகிறது. வாராணசித் தொழிற்சாலையின் பெயரில் இருந்த டீசல் என்ற சொல்லையே 2020-இல் எடுத்துவிட்டுப் பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் என்று மாற்றிவிட்டார்கள். மின்சாரம் வந்தது நல்லதுதான். புகையைச் சுவாசித்து வளர்ந்தவன் நான். அது தொலைந்ததற்கு நான் அழவில்லை. ஆனால் ஒரு பொருள் போகும்போது அதைக் கவனித்துப் பார்த்து வழியனுப்ப ஒருவராவது வேண்டாமா?

நீராவிக்கு அந்தப் பாக்கியம் உண்டு. நீலகிரி மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ மரியாதையே கிடைத்தது. நீராவி எஞ்சின் என்றால் கவிஞருக்கும் கண் கலங்கும், சினிமாக்காரருக்கும் கண் கலங்கும். டீசலுக்காக யாரும் கண் கலங்கக் காணோம். முதலில் வந்த டபிள்யூ.டி.எம்.2 ஒன்றைத் தில்லி ரயில் காட்சிசாலையில் வைத்திருக்கிறார்கள். அங்கங்கே இன்னும் சில இருக்கலாம். மற்றவையெல்லாம் டன் கணக்கில் பழைய இரும்பு. நம்மை வேலைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது டீசல். பாட்டில் வந்தது நீராவி. நீராவியைக் காட்டி ஒரு காதல் காட்சியை எழுதிய பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்தக் கதையில் காலம் 1998 என்று பின்னால் ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்தப் பொழுதுபோக்கைச் சேர்ந்தவர்கள் யாராவது மார் தட்டிக்கொண்டால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை உண்டு. இவர்களில் ஒரு கூட்டம் ஆணி எண்ணுகிறது. உங்கள் எஞ்சினைக் கையில் எடுத்ததும் பார்ப்பது தவறு எங்கே என்பதைத்தான். நம் நாட்டு அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால் பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். உலகமெங்கும் கிடைக்கிற மாதிரித் தண்டவாளம் பதினாறரைதான். அது ஐரோப்பாவின் பாதைக்குக் கணக்கு. ஆகவே நம் எஞ்சின்கள் அதன்மேல் நிற்கும்போது கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்கின்றன. இது சமரசம்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லியே ஒரு புதியவனை முதல் நாளில் ஓட வைத்தவர்கள் உண்டு. இன்னொரு கூட்டம் இன்னும் மோசம். ஆயிரமாயிரமாகக் கொடுத்து, முழுசாகச் செய்த மாதிரியை வெளிநாட்டிலிருந்து தருவித்து, பெட்டியைக்கூடத் திறக்காமல் கண்ணாடி அலமாரியில் வைத்து விலை ஏறுகிறதா என்று பார்க்கிறவர்கள். பெரியவர் இவர்களைப் பார்த்துச் சிரித்திருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். வேடிக்கை என்னவென்றால், அவர் இவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். "நல்ல முதலீடு" என்பார். காசு கொடுத்து வாங்கினால் சேகரிப்பு. கையால் செய்தால் பொம்மை.

எனக்குக் கோபம் அந்த இடத்தில்தான். ரயிலைப் பற்றிய கோபம்கூட அவ்வளவு இல்லை. கையால் வேலை செய்கிறவனை நாம் பார்க்கிற பார்வையைப் பற்றிய கோபம்.

அந்த ஃபிட்டர் தம்பிக்கு எட்டாவது படிக்கிற ஒரு பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வந்திருந்தான். மேஜைமேல் கிடந்த அரத்தை எடுத்தான். எடுத்த விதத்திலேயே தெரிந்தது, அவனுக்கு அது பரம்பரைச் சொத்து. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தன. தம்பி சட்டென்று அதைப் பிடுங்கி வைத்தார்.

"அதெல்லாம் உனக்கு வேண்டாம்டா."

அவன் வெளியே போனபிறகு என்னிடம் சொன்னார்: "அவன் கை பேனா பிடிக்கட்டும் அண்ணா. நம்ம கை பட்டது போதும்."

நான் என்ன பதில் சொல்வேன்? பேனா பிடித்துப் பிழைக்கிறவன் நான். அவருடைய சம்பளம் எனக்குத் தெரியும். அவருடைய இடது கை மோதிர விரலின் நுனி எங்கே போயிற்று என்பதும் தெரியும். மகன் அந்த இடத்துக்கு வரக்கூடாது என்று ஒரு தகப்பன் நினைப்பதில் குற்றம் காண எனக்கு வாய் கிடையாது. ஆனால் பட்டறையின் கூலியும் ஆபத்தும் வேண்டாம் என்று சொல்ல வந்தவர், அரத்தையே வேண்டாம் என்றல்லவா சொல்லிவிட்டார்? தன் கையில் இருக்கிற அபாரமான அறிவை ஒரு தொற்றுநோய் மாதிரி மகனிடமிருந்து மறைக்கிறாரே, இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் யார்?

நாம்தான். டிராயிங்கில் உள்ளபடி செய், கேள்வி கேட்காதே என்று வைத்த மேலாளர்கள். கைவேலைப் பீரியட் வந்தால் கணக்கு நடத்திய பள்ளிக்கூடங்கள். ஃபிட்டரை மாப்பிள்ளையாகக் காட்டினால் முகம் சுளித்த வீடுகள். எல்லாருக்கும் மேலே, நாவலாசிரியர்கள். என் இரண்டாவது நாவலில் ஒரு லேத் தொழிலாளியின் மகன் கலெக்டர் ஆகிறான். கடைசி அத்தியாயத்தில் அப்பாவின் எண்ணெய்க் கறை படிந்த கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். அந்த அத்தியாயத்துக்காக எனக்கு வந்த கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அந்தக் கை என்ன செய்தது, எப்படிச் செய்தது என்று நாவலில் ஒரு வரிகூடக் கிடையாது. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. கறை மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது. அன்று யாராவது ஒருவர் என் கையில் பித்தளைக் கம்பியும் டிரில் பிட்டும் கொடுத்து நாலு கைப்பிடி வளைக்கச் சொல்லியிருந்தால் அந்த நாவல் வேறு மாதிரி இருந்திருக்கும். நாவல் பாதியில் நிற்கிறதே என்று கேட்ட பெரியவருக்கு என் பதில் அதுதான்: அவசரப்பட்டு முடித்த நாவல்கள் ஏற்கனவே என்னிடம் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்வார்கள். இப்போதுதான் இயந்திரம் வந்துவிட்டதே, கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் அதுவே ஒளியைப் பாய்ச்சி ரெசினைப் படலம் படலமாக இறுக வைத்து எஞ்சினை நிறுத்திவிடுகிறதே, இன்னும் அரம் எதற்கு என்று. அந்த இயந்திரத்தோடு எனக்குப் பகை இல்லை. என் எஞ்சினின் காற்றுக் கூண்டு ஒன்று அப்படிச் செய்ததுதான், நன்றாகவே இருக்கிறது. ஆனால் வரைகிறவன் முதலில் பார்க்க வேண்டும் அல்லவா? எஞ்சினுக்கு எத்தனை படி, படிக்கு எத்தனை துளை என்று கேட்டால், முப்பது வருஷம் ரயிலில் போனவர்களுக்கும் பதில் தெரியாது. ஒவ்வொரு டீசல் ஷெட்டும் தன் எஞ்சின்களுக்குத் தனி நிறம் பூசி வைத்திருந்தது. அதுவும் நம் கண்ணில் படவில்லை. கம்பியை வளைத்து ஒட்டுகிறவனுக்கு மட்டும் அது கண்ணில் படும். படாவிட்டால் அவனால் ஒட்ட முடியாது.

பெரியவர் போன மறுவாரம் தம்பி மறுபடி வந்தார். பையனும் வந்தான். "வேடிக்கை பார்க்கத்தான் வந்தான்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். நான் அடிச்சட்டத்தைப் பூட்டி, சக்கரங்களின் மேல் ரெசின் உடலை ஏற்றி வைத்திருந்தேன். மூன்று மாத வேலை. எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது. பையன் குனிந்து, கன்னம் மேஜையில் படும்படி வைத்து, பக்கவாட்டில் பார்த்தான். சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த அசல் எஞ்சினின் போட்டோவைப் பார்த்தான். மறுபடி குனிந்தான்.

"மாமா, போட்டோவில நடுச் சக்கரம் நடுவுல இல்லையே. உங்களதுல நடுவுல இருக்கே."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஆல்கோவின் போகியில் மூன்று அச்சுகளும் சம தூரத்தில் இருப்பதில்லை. மூன்று மோட்டார்களுக்கும் நடுப் பிவோட்டுக்கும் இடம் பண்ணிக்கொள்வதற்காக நடு அச்சு ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். புஸ்தகத்தில் படித்திருக்கிறேன்; எழுதிக்கூட வைத்திருக்கிறேன். அப்படியும், சல்லிசாகக் கிடைத்ததே என்று சம தூரச் சக்கரம் வைத்த வேறு ஓர் எஞ்சினின் அடிச்சட்டத்தை வாங்கிப் பூட்டியிருக்கிறேன். மூன்று மாதமாக அது என் கண்ணெதிரே இருந்தது.

தம்பி மகனைப் பார்த்தார். அரத்தைப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. பிறகு போகியைக் கழற்றித் திருப்பிப் பார்த்து, "அச்சு உட்கார்ற இடத்தை வெட்டி நகர்த்தணும் அண்ணா. நகர்த்தலாம்" என்றார். காலிப்பரை எடுத்து மகனிடம் கொடுத்தார். "எவ்வளவுன்னு அளந்து சொல்லு."

ஆக, எஞ்சின் மறுபடி துண்டு துண்டாக மேஜைமேல் கிடக்கிறது. நாவலும் அங்கேயே ஓர் ஓரமாக இருக்கிறது. கைப்பிடிக் கம்பிகளில் இன்னும் நாலு பாக்கி. பெரியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தால் காலை பத்து மணிக்குமேல் வரட்டும். அதற்கு முன்னால் பையனுக்கு டியூஷன்.